பூ உதிர்ந்த ஆர்க்கிட்டை மறுபடி பூக்க வைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: பூவோடு வீட்டுக்கு வந்த தொட்டி ஆர்க்கிட் இரண்டு மூன்று மாதம் அழகாக நின்றது, பிறகு பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் இலை மட்டும் விடுகிறது. பூப்பதற்கென்று தனி உரம் போட வேண்டுமா, பழைய காம்பை வெட்ட வேண்டுமா, இல்லை இது ஒரே முறை பூத்து ஓய்ந்துபோகும் செடியா?

ஓய்ந்துபோகும் செடி இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டுகள் இருக்கும், ஆண்டுக்கு ஒரு முறையாவது பூக்கும். உரம் குறைந்து பூக்காமல் இருப்பது அபூர்வம். வீட்டுக்குள் பூக்காமல் நிற்கும் செடியைப் பார்த்தால் அநேகமாக இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்: வெளிச்சம் போதவில்லை, அல்லது பகல் நேர வெப்பம் இறங்கவே இல்லை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு எந்த டானிக்கை ஊற்றினாலும் இன்னொரு இலைதான் வரும்.

நான் சொல்லப்போவது ஃபலனாப்சிஸ் இனத்துக்கு. பூவோடு விற்கும் தொட்டி ஆர்க்கிட்களில் பெரும்பகுதி இதுதான். தொட்டியை ஒட்டி இரண்டு பக்கமும் மாறி மாறி அடுக்கிய தடித்த அகலமான இலைகள், நடுவில் பருத்த தண்டு எதுவும் இல்லாமை, வளைந்த நீளக் காம்பில் வரிசையாகத் தட்டையான பூக்கள் என்று இருந்தால் அது ஃபலனாப்சிஸ். கணுக்கணுவாக நிமிர்ந்து நிற்கும் தண்டுகளோ, அடியில் குமிழ்போல் பருத்த பாகங்களோ இருந்தால் வேறு இனம். அவற்றைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

பூவோடு வந்த செடி எப்படிப் பூவோடு வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். பண்ணைகளில் இளம் செடியை 28 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் உள்ள கூடத்தில் வளர்ப்பார்கள். சூடு பிடிக்கும் என்பதற்காக மட்டும் இல்லை; அந்தச் சூட்டில் பூக்காது என்பதற்காகவும்தான். செடி சீக்கிரம் பூத்துத் தன் சத்தைச் செலவழித்துவிடாமல், நாலைந்து நல்ல இலைகள் சேரும்வரை அப்படியே பிடித்து வைப்பார்கள். பிறகு விற்பனைக்கு ஏற்றபடி நாள் கணக்குப் பார்த்து, பகலில் சுமார் 25 டிகிரி, இரவில் 20 டிகிரிக்குச் சற்று மேலோ கீழோ உள்ள கூடத்துக்கு மாற்றுவார்கள். சில வாரங்களில் காம்பு தலைகாட்டும். ஆக, நம் வீட்டில் பூக்காமல் நிற்கும் செடிக்கு நோய் எதுவும் இல்லை. அது அந்த முதல் கூடத்திலேயே இன்னும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

இதில் பரவலாக ஒரு பாதி உண்மை உலவுகிறது. "பகலுக்கும் இரவுக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும், பூத்துவிடும்" என்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பகல், இரவு இரண்டிலும் ஒரே அளவாக 20 அல்லது 23 டிகிரியில் வைத்த செடிகளில் பெரும்பாலானவை காம்பு விட்டன. வித்தியாசம் என்பதே அங்கே இல்லை. பகலில் 29 டிகிரி வைத்து இரவில் 17 டிகிரிக்கு இறக்கிய செடிகள் 20 வாரம் ஆகியும் ஒன்றுகூடக் காம்பு விடவில்லை. அங்கே 12 டிகிரி வித்தியாசம். அதாவது பூப்பதைத் தீர்மானிப்பது இரவுக் குளிர் என்பதைவிடப் பகல் வெப்பம் என்பதே சரி. பருவம் மாறி இரவு குளிரும்போது பகலும் சேர்ந்தே தணிவதால்தான் பழைய அறிவுரை பல இடங்களில் பலித்துவிடுகிறது. பகல் தணியாத இடத்தில் அது பலிக்காது. படுக்கையறையில் இரவு மட்டும் ஏசி ஓடுகிறது, செடியையும் அங்கேதான் வைத்திருக்கிறேன், ஆனாலும் பூக்கவில்லை என்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

ஆனால் உடனே போய்ச் செடியைக் குளிரில் வைத்துவிட வேண்டாம். பலமில்லாத செடி குளிரில் பூக்காது. பூத்தாலும் இரண்டு பூவோடு சோர்ந்துவிடும். முதலில் வேரைப் பாருங்கள்.

ஃபலனாப்சிஸ் மண்ணில் வளரும் செடியே இல்லை. தெற்கு ஆசியாவிலிருந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை உள்ள காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. ஒட்டுண்ணி அல்ல, மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, இடம் மட்டும் பிடித்துக்கொள்கிறது. வேர்கள் காற்றில் தொங்கும். மழை நனைக்கும், காற்று உலர்த்தும், மறுபடி மழை. வேரைச் சுற்றிப் பஞ்சுபோல ஒரு வெண்மையான உறை இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அதை வேகமாக இழுத்து வைத்துக்கொள்வது அதுதான். காய்ந்திருக்கும்போது வெள்ளிச் சாம்பல் நிறத்திலும், நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிந்து பசுமையாகவும் இருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. செடி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் வந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே பார்க்க ஜன்னல் கிடைத்த மாதிரி.

விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் வேர் உயிரோடு இருக்கிறது, நிறம் எப்படி இருந்தாலும். வெளிச்சம் படாத உள்வேர்கள் மஞ்சளாகவோ லேசான பழுப்பாகவோ இருக்கலாம், தவறில்லை. அழுத்தியதும் நீர் கசிந்து உறை உருவிக்கொண்டு வந்து நூல் மட்டும் மிஞ்சினால் அழுகிய வேர். செடி வந்த தொட்டியின் நடுவில், வேர்களுக்கு இடையே, இறுக்கமாக அமுக்கிய பாசிக் கட்டி (குளத்துப் பாசி அல்ல, பஞ்சுபோன்ற ஸ்பாக்னம் பாசி) ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். செடி குட்டியாக இருந்தபோது நட்ட கட்டி அது. மேலே எல்லாம் உலர்ந்த பிறகும் அதன் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். வருடக்கணக்கில் பூக்காமல், இலைகளும் துவண்டு சுருங்கிக்கொண்டு வரும் செடிகளைக் கொட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேதான் அழுகல் தொடங்கியிருக்கும்.

தொட்டி மாற்றச் சரியான நேரம், பூ முடிந்து புது வேர் நுனிகள் பச்சையாகவோ சிவந்தோ தென்படும் சமயம். செடியை வெளியே எடுத்து, பழைய கலவையை உதறி, அழுகிய வேர்களை மட்டும் சுத்தமான கத்தரியால் வெட்டி, மரப்பட்டைத் துண்டுகளில் நடுங்கள். ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அளவுத் துண்டுகள் போதும். கொஞ்சம் மரக்கரி சேர்க்கலாம். காற்று மிக வறண்ட இடம் என்றால் பாசி சிறிது கலக்கலாம், ஆனால் இறுக்காமல். தோட்ட மண் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். தொட்டி, இருக்கும் வேர் அடங்கும் அளவுதான்; "வளரட்டும்" என்று பெரிய தொட்டியில் வைத்தால் கலவை காயாமல் கிடந்து மறுபடி அழுகும். பட்டை மக்கிப் பொடியாகி அடைத்துக்கொள்வதால் ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிவரும். வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூளைத் தூவும் வழக்கம் ஒன்று உண்டு. அது ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது; இலையிலோ காம்பிலோ வெட்டிய காயத்தில் தடவினால் பரவாயில்லை, வேர் முழுக்கப் பூசினால் நல்ல வேரும் காய்ந்துபோகும்.

தண்ணீரைப் பற்றி "வாரத்துக்கு ஒரு முறை" என்று எழுதி வைக்கத் தோன்றும். எழுதாதீர்கள். பட்டையில் இருக்கும் செடிக்கும் பாசியில் இருக்கும் செடிக்கும் இடைவெளி ஒன்றாக இருக்காது, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஒன்றாக இருக்காது. வேர் வெள்ளியாகி, தொட்டியைத் தூக்கினால் கனமில்லாமல் இருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடித்துளை வழியாக நன்றாக ஓடட்டும். முழுக்க வடிந்த பிறகே வெளிப்பாத்திரத்துக்குள் வையுங்கள். அதில் தேங்கிய தண்ணீரில் வேர் நிற்கக் கூடாது. காலையில் ஊற்றுவது நல்லது. இலைகள் கூடும் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் ஒரு காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்தச் செடிக்கு வளரும் நுனி அது ஒன்றே ஒன்றுதான். அது அழுகினால் அந்தத் தண்டு மேலே வளராது. அடியிலிருந்து புதுக்குருத்து விட்டால் உண்டு, இல்லாவிட்டால் செடியே போய்விடும். ஐஸ் கட்டி வைப்பது சரியா என்றும் கேட்பார்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து 2017-இல் வெளியான ஆய்வில், பட்டையில் வைத்த ஃபலனாப்சிஸுக்கு ஐஸ் கட்டியால் கெடுதல் எதுவும் தெரியவில்லை; பூ நின்ற நாளும் குறையவில்லை. எனக்கு அதில் ஆர்வமில்லை. தொட்டி முழுவதையும் நனைத்து உப்பை அடித்துக்கொண்டு போக அந்தச் சொட்டு போதாது. அளவு தெரியாமல் தினமும் ஊற்றிக் கொல்பவர்களுக்கு அது ஒரு கடிவாளம், அவ்வளவுதான்.

இப்போது வெளிச்சம். பூக்காத செடிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஆர்க்கிட் நிழல் செடி என்று கேள்விப்பட்டு அறையின் நடுவிலோ புத்தக அலமாரியிலோ வைத்துவிடுகிறோம். நம் கண் இருட்டுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்வதால் அந்த இடம் பளிச்சென்றுதான் தெரியும். அங்கே வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தாலே அதிகம். ஃபலனாப்சிஸுக்குப் பகலின் நல்ல நேரத்தில் 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை கொடுக்கலாம். மற்ற ஆர்க்கிட்களோடு ஒப்பிட்டால் இது குறைவுதான், அதனால்தான் நிழல் செடி என்ற பெயர். ஆனால் அறை நடுவோடு ஒப்பிட்டால் எத்தனையோ மடங்கு. வெளிச்சம் குறைந்த செடியைக் குளிரில் வைத்தாலும் காம்பு எழாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும்.

அளக்கக் கருவி இல்லாவிட்டால் கையே போதும். நண்பகலில் இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். ஓரம் மங்கலான நிழல் இலைமேல் விழுந்தால் சரியான இடம். நிழலே தெரியவில்லை என்றால் ஜன்னலை நோக்கி நகர்த்துங்கள். நிழல் கத்தி வெட்டியதுபோல் கூர்மையாக விழுந்தால் மெல்லிய திரை போடுங்கள். இலையும் சொல்லும்: கரும்பச்சையாக, நீளமாகத் தொங்கிக்கொண்டு அழகாக இருக்கும் இலை உண்மையில் வெளிச்சத்துக்கு ஏங்கும் இலை. பார்ப்பவர்கள் "எவ்வளவு செழிப்பு" என்பார்கள். அந்தச் செழிப்பில்தான் பூ வராது. இளம்பச்சைக்கு மாறிய, சற்றுக் கெட்டியான, நீளம் குறைந்த இலைதான் பூக்கும் செடியின் இலை. ஓரங்களில் சிவப்போடினால் வெளிச்சம் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வெளுத்த திட்டு விழுந்து பிறகு கறுத்தால் வெயில் சுட்டுவிட்டது. அந்தத் திட்டு மறையாது, இலை உதிரும்வரை இருக்கும். இலையைத் தொட்டால் சூடாக இருந்தால் அப்போதே தள்ளி வைத்துவிடுங்கள்.

காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் எங்கே இருந்தாலும் நல்ல தேர்வு. உச்சி வெயிலும் பிற்பகல் வெயிலும் நேராக விழும் ஜன்னலில் திரை கட்டாயம். நல்ல ஜன்னலே இல்லாத வீட்டில் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றை ஒரு அடி உயரத்தில் கட்டி ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். ஊதா நிற விளக்குதான் வேண்டும் என்பதில்லை. இருட்டிலிருந்த செடியை ஒரே நாளில் வெயில் ஜன்னலுக்கு மாற்றாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாக நகர்த்துங்கள்.

உரத்தை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் பேச அதிகமில்லை. புது இலையும் வேரும் விடும் மாதங்களில் 20-20-20 போன்ற சமச்சீர் உரத்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் நாலில் ஒரு பங்காகக் கரைத்து, வாரம் ஒரு முறையோ பத்து நாளைக்கு ஒரு முறையோ கொடுத்தால் போதும். காய்ந்த வேரில் நேராக உரத்தண்ணீர் ஊற்றாமல் முதலில் வெறும் தண்ணீரால் நனையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை உரமில்லாத தண்ணீரால் தொட்டியை நன்றாக அலசிவிடுங்கள். பட்டையின்மேல் வெள்ளைப் பூச்சு படிந்தால் உப்பு சேர்கிறது என்று பொருள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதுவே சிறந்தது. "பூக்க வைக்கும் உரம்" என்று பாஸ்பரஸ் அதிகமாக வைத்து விற்பதை வாங்கத் தேவையில்லை. செடிக்குப் பூக்கச் சொல்லும் சைகை வெப்பத்திலிருந்து வருகிறது, பாஸ்பரஸிலிருந்து அல்ல.

சரி, வேர் கெட்டியாக இருக்கிறது, வெளிச்சம் கிடைக்கிறது, மூன்று நான்கு நல்ல இலைகள் இருக்கின்றன, கடைசியாக வந்த இலை முந்தையதைவிடப் பெரிதாகவோ சமமாகவோ வளர்ந்திருக்கிறது. இப்போது குளிரைப் பற்றி யோசிக்கலாம். புது இலை முந்தையதைவிடச் சிறியதாக வந்திருந்தால் இன்னும் ஒரு பருவம் பொறுங்கள்.

குறி இதுதான்: ஐந்தாறு வாரம் பகலில் 25 டிகிரியைத் தாண்டாமல், இரவில் 16 முதல் 20 டிகிரிக்குள். 15-க்குக் கீழே இறக்குவதில் லாபமில்லை, 10 டிகிரியை நெருங்கினால் செடிக்குக் காயம்தான். குளிர்ப் பிரதேசத்தில் வசிப்பவர்களுக்கு இது தானாக நடக்கும். இலையுதிர் காலம் தொடங்கும்போது ஹீட்டரைப் போடுவதற்கு முந்தைய வாரங்களில் ஜன்னலோரம் விட்டுவைத்தால் போதும். வெப்ப நாடுகளில் ஆண்டின் தணிந்த மாதங்களைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு சாதாரண வெப்பமானியைச் செடியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வானிலை அறிக்கையில் வரும் எண்ணும் ஜன்னல் ஓரத்து எண்ணும் ஒன்றல்ல. கண்ணாடிக்குப் பின்னால் பிற்பகலில் நாலைந்து டிகிரி கூடுதலாக இருக்கலாம், அந்த நாலைந்தே எல்லாவற்றையும் கெடுத்துவிடலாம். நல்ல நிழலும் காற்றோட்டமும் உள்ள வெளி வராந்தா பல நேரம் அறையைவிடத் தணிந்திருக்கும். பகலில் ஏசி ஓடும் அறை இருந்தால், அங்கே போதுமான வெளிச்சமும் கொடுக்க முடிந்தால், அதுவும் நல்ல இடம்தான். ஏசிக் காற்று நேராகச் செடியில் அடிக்காமல், பக்கத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் வைத்து, தொட்டியின் அடி தண்ணீரைத் தொடாமல் அதன்மேல் நிறுத்தினால் கொஞ்சம் உதவும். இலையில் நாள் முழுக்கத் தெளித்துக்கொண்டிருப்பது உதவாது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. ஃபலனாப்சிஸ் பெல்லினா, வயலேசியா போன்ற மணமுள்ள சிறு வகைகளும் அவற்றின் கலப்புகளும் வெப்ப மாதங்களிலேயே பூப்பவை. பெரிய வெள்ளை, இளஞ்சிவப்புப் பூ விடும் கலப்பினங்களுக்குத்தான் மேலே சொன்ன கணக்கு.

குளிர் வேலை செய்தால், மேலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இலையின் அடியிலிருந்து ஒரு பச்சை முளை எட்டிப் பார்க்கும். வேரா காம்பா என்று குழம்பாதவர் இல்லை. வேரின் நுனி உருண்டு வழவழப்பாக இருக்கும், கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ போகும். காம்பின் நுனி சற்றுத் தட்டையாக, ஒரு பக்கம் மேடு தட்டி, பெருவிரல் மட்டும் பிரிந்த கையுறையின் வடிவத்தில் இருக்கும்; வெளிச்சத்தை நோக்கி மேலே திரும்பும். சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் காத்திருங்கள். வேர் என்று நினைத்துக் காம்பைக் கிள்ளியவர்கள் நிறைய.

காம்பு தெரிந்ததும் குளிரை நீட்டிக்கத் தேவையில்லை, ஆனால் உடனே சூட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். இளம் காம்பு தொடர்ந்து 28 டிகிரிக்கு மேல் நின்றால் மொட்டாக வேண்டிய கணுக்கள் மனம் மாறிக் குட்டிச்செடியாகிவிடக்கூடும். காம்பு வெளிச்சப் பக்கமே வளைந்து போகும் என்பதால் தொட்டியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால் பூக்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும். ஒரு திசையில் வைத்து, காம்பு ஒரு சாண் வளர்ந்ததும் பக்கத்தில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். குளிர்ந்த காலையில் காம்பு விறைப்பாக இருக்கும்போது வளைத்தால் படக்கென்று ஒடியும். பகல் ஏறிய பிறகு கட்டுங்கள். காம்பு எழுந்ததிலிருந்து முதல் பூ விரிய இரண்டரை மூன்று மாதம் ஆகலாம், குளிர்ந்த இடத்தில் இன்னும் கூடும்.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஒரு சோகம் நடக்கும். மொட்டுகள் பருத்து, நாளை விரியும் என்று நினைக்கும்போது மஞ்சளாகிச் சுருங்கி உதிரும். பூச்சி, நோய் எதுவும் தெரியாது. பெரும்பாலும் எத்திலீன் வாயுதான். பழுக்கும் பழங்கள் அதை வெளிவிடுகின்றன. சிகரெட் புகையிலும் சரியாக எரியாத அடுப்பின் புகையிலும் அது உண்டு. சாப்பாட்டு மேசையில் ஆப்பிள், வாழைப்பழக் கூடைக்குப் பக்கத்தில் ஆர்க்கிட்டை அழகுக்காக வைப்பது படத்துக்கு நன்றாக இருக்கும், மொட்டுக்கு ஆகாது. வேரைக் காயவிட்டாலும், வறண்ட சூட்டுக்காற்று அடித்தாலும், மொட்டோடு இருக்கும் செடியை இடம் மாற்றினாலும் இதே கதிதான். விரிந்த பூவும் மகரந்தச் சேர்க்கை நடந்தால் சில நாட்களில் வாடிவிடும், ஏனென்றால் பூவே அப்போது எத்திலீனைச் சுரக்கிறது. மூன்று மாதம் நிற்க வேண்டிய பூ ஒன்று மட்டும் திடீரென்று தளர்ந்தால் வண்டோ ஈயோ வந்து போயிருக்கலாம்.

பழைய காம்பை வெட்டலாமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பழுத்துக் காய்ந்த காம்பை அடியோடு வெட்டிவிடுங்கள், அதில் இனி எதுவும் வராது. பச்சையாகவே இருக்கும் காம்புக்கு இரண்டு வழி. அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால், செடி பலமாக இருக்கும்போது அந்தக் கணுவிலிருந்து பக்கக்கிளை வந்து இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பூக்கும். பூ சற்றுச் சிறியதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். அல்லது அடியோடு வெட்டிச் செடிக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த குளிருக்குப் புதுக்காம்பு விடச் செய்யலாம். என் கட்சி இரண்டாவது. வேர் குறைந்த செடி, இரண்டே இலை உள்ள செடி, பல மாதமாகப் பூத்துக் களைத்த செடி என்றால் யோசிக்கவே வேண்டாம், அடியோடு வெட்டுங்கள். ஐந்தாறு கெட்டி இலைகளோடு நிற்கும் செடியில் முதல் வழியைப் பரீட்சித்துப் பார்க்கலாம். கத்தரியின் வாயைத் தீயில் சுட்டு ஆறவிட்டு வெட்டுங்கள். ஆர்க்கிட் வைரஸ்கள் ஒரு செடியின் சாறிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கத்தரி வழியாகத்தான். பெல்லினா, கார்னு-செர்வி போன்ற வகைகள் அதே காம்பில் அடுத்த அடுத்த ஆண்டும் பூப்பவை, அவற்றின் பச்சைக் காம்பில் கைவைக்கக் கூடாது.

கணுவில் பூவுக்குப் பதில் இலையோடு குட்டிச்செடி வந்துவிட்டால் ஏமாற்றம் வேண்டாம். அதற்கு இரண்டு மூன்று வேர் வந்து ஐந்து சென்டிமீட்டர் நீளமானதும், காம்போடு சேர்த்து நறுக்கிச் சிறு தொட்டியில் வையுங்கள். தாய்ச்செடியின் அதே பூதான் பூக்கும், ஆனால் இரண்டு வருடமாவது பொறுக்க வேண்டும்.

நீல ஃபலனாப்சிஸ் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் பார்க்கும் அந்த அடர்நீலம், வெள்ளைப் பூச் செடியின் காம்பில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றியது. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்து மறுமுறை பூத்தால் வெள்ளையாகத்தான் பூக்கும். அது உங்கள் தவறல்ல.

மற்ற இனங்களுக்கு வருவோம். தண்டு தண்டாக நிற்கும் டென்ட்ரோபியத்தில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு, இரண்டின் குணமும் நேரெதிர். தண்டின் நெடுகிலும் கணுவுக்குக் கணு பூக்கும் நோபிலே வகைக்கு, தண்டு முதிர்ந்த பிறகு குளிர் மாதங்களில் உரத்தை அடியோடு நிறுத்தி, தண்ணீரை வெகுவாகக் குறைத்து, இரவில் 10 முதல் 13 டிகிரி வரை குளிர விட வேண்டும். அந்த ஓய்வு கிடைக்காவிட்டால் பூ வரவேண்டிய கணுவிலெல்லாம் குட்டிச்செடிகள் முளைக்கும். தண்டின் உச்சியிலிருந்து நீளக் காம்பு விட்டுப் பூக்கும் இன்னொரு கூட்டத்துக்குக் குளிரே வேண்டாம். நல்ல வெளிச்சம், வெப்பம், வளரும் காலத்தில் தாராளமான தண்ணீர், உரம் இருந்தால் போதும். இரண்டிலுமே இலை உதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டிவிடாதீர்கள். அவை சத்துச் சேமிப்பு, அவற்றிலேயே மறுபடி பூவும் வரலாம். கேட்லியாவுக்கு ஃபலனாப்சிஸைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். அந்த ஆண்டில் புதிதாக வந்து முதிர்ந்த குமிழ்த்தண்டில்தான் பூக்கும். சிம்பிடியத்துக்குக் கோடை முடிவில் பல வாரம் 10 முதல் 15 டிகிரி இரவுகள் வேண்டும். அவை இல்லாத இடத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். செருப்பு வடிவப் பூ விடும் பேஃபியோபெடிலத்தில் ஒவ்வொரு இலைக்கொத்தும் ஒரே முறைதான் பூக்கும். பூத்த கொத்துக்குப் பக்கத்தில் புதுக்கொத்து முளைத்து முதிரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆண்டு முழுக்கப் பகல் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில், ஏசி அறையும் இல்லாமல், பெரிய பூ ஃபலனாப்சிஸை ஒவ்வொரு வருடமும் பூக்க வைக்கிறேன் என்று பிடிவாதம் பிடிப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அப்படிப்பட்ட இடத்துக்கு உச்சியில் காம்பு விடும் டென்ட்ரோபியமும், வெயில் தாராளமாக இருந்தால் தினமும் வேரை நனைக்க முடிகிறவர்களுக்கு வாண்டா என்ற ஆர்க்கிட்டும் பொருத்தம். கையில் இருக்கும் ஃபலனாப்சிஸைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு வருடம் தணிந்த பருவம் நீண்டு வந்தால் அது தானே காம்பு விடும். அதற்குள் அதன் வேரும் இலையும் தயாராக இருக்கட்டும்.